வெள்ளை வேறு, வெறுமை வேறு

பைத்தான் நிரலில் வரைந்த ஒரு கோட்டு வரைபடம் வரைந்தவரின் திரையிலும் அச்சிட்ட அறிக்கையிலும் குறையின்றித் தெரிகிறது. அதே கோப்பைக் கருநீலப் பின்னணி கொண்ட விளக்கக்காட்சிப் பக்கத்தில் ஒட்டியவுடன், கோடுகளும் எண்களும் ஒரு வெள்ளைச் செவ்வகத்துக்குள் அடைபட்டுக் கிடப்பது கண்ணை உறுத்துகிறது. அந்த வெள்ளையை நீக்குவதற்குப் பலரும் முதலில் நாடுவது படத்தொகுப்பு மென்பொருளைத்தான். அங்கே வெள்ளைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அழித்தால் செவ்வகம் மறைகிறது. ஆனால் ஒவ்வொரு கோட்டையும் எழுத்தையும் சுற்றி மெல்லிய, வெளிறிய விளிம்பு ஒன்று எஞ்சிவிடுகிறது, எத்தனை முறை துடைத்தாலும் அது முழுதாக அகல்வதில்லை. மாறாக, படத்தைச் சேமிக்கும் கட்டளையிலேயே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் வெள்ளையும் போகிறது, விளிம்பும் தோன்றுவதில்லை. ஒரே விளைவைத் தரவேண்டிய இரு வழிகளுள் ஒன்று மட்டும் ஏன் கறையை விட்டுச்செல்கிறது என்பதை ஆராய்ந்தால், 'பின்னணி இல்லாத படம்' என்பது கணினிக்குள் எப்படி எழுதப்படுகிறது என்பதும், அப்படி எழுதும்போது வரைபவர் எந்த முடிவைத் தம் கையிலிருந்து நழுவவிடுகிறார் என்பதும் புலப்படும்.

கணினிப் படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளின் வரிசைகளால் ஆனது என்பதும், ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களாகப் பதியப்படுகிறது என்பதும் பலர் அறிந்தவை. ஒவ்வோர் எண்ணும் பொதுவாக 0 முதல் 255 வரை செல்லும். மூன்றும் 0 ஆனால் கருமை, மூன்றும் 255 ஆனால் வெண்மை. இந்தக் கணக்கில் வெள்ளைப் பின்னணி வெற்றிடமாகாது. கோட்டின் நீலத்துக்கு எத்தனை எண்கள் செலவாகின்றனவோ, அத்தனை எண்கள் வெண்மைக்கும் செலவாகின்றன. காகிதத்தில் எழுதிப் பழகிய கண்ணுக்கு எழுதாத இடமெல்லாம் வெள்ளையாகவே தெரிவதால், இரண்டும் ஒன்றே என்னும் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 'இங்கே எதுவும் வரையப்படவில்லை' என்பதை மூன்று எண்களால் சொல்ல வழியே இல்லை, ஏனெனில் மூன்று எண்களின் எல்லாச் சேர்க்கைகளும் ஏதாவதொரு நிறத்துக்கு ஏற்கெனவே உரியனவாகிவிட்டன. ஆகவே நான்காவது எண் ஒன்று வேண்டியதாயிற்று. அதற்கு ஆல்பா என்று பெயர். ஒரு படத்தின் ஆல்பா எண்கள் அனைத்தும் சேர்ந்த தொகுதியை ஆல்பா தடம் என்பர். ஆல்பா 255 ஆனால் அப்புள்ளி முற்றிலும் ஒளிபுகாதது, 0 ஆனால் முற்றிலும் ஒளிபுகுவது. இடைப்பட்ட எண்கள் ஒளிகசிவின் அளவைக் காட்டுகின்றன.

இடைப்பட்ட எண்களின் பொருளைக் கொசுவலையைக் கொண்டு விளக்கலாம். வலையின் ஒவ்வொரு நூலும் ஒளியை முழுமையாகத் தடுக்கிறது, ஒவ்வொரு துளையும் முழுமையாக விடுகிறது. எனினும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு நூலும் துளையும் தனித்தனியே தெரியாமல், பின்னால் உள்ள பொருளின் மீது மெல்லிய நிறம் படர்ந்ததாகவே தோன்றுகிறது. நூல் பரப்பில் பத்தில் ஒரு பங்கை மறைத்தால் பின்னணியின் பத்தில் ஒன்பது பங்கு தெரியும். அதன்மீது அதேபோன்ற இரண்டாவது வலையைப் போட்டால் மறைப்பு இரட்டிப்பாவதில்லை, ஏனெனில் இரண்டாவது வலையின் நூல்களில் சில முதல் வலையின் நூல்கள் மேலேயே விழுகின்றன. எஞ்சிய தொண்ணூறு விழுக்காட்டில் தொண்ணூறு விழுக்காடு, அதாவது 81 விழுக்காடு, இன்னமும் தெரியும். பத்து வலைகள் சேர்ந்தும் ஏறத்தாழ 65 விழுக்காட்டையே மறைக்கும், இருபது வலைகள் 88 விழுக்காட்டை. சிதறல் வரைபடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஆல்பா குறைத்து வரைந்து, அடர்ந்த இடங்களைக் கருமையால் காட்டும் வழக்கமான உத்தியில், கருமை இருமடங்கானால் புள்ளிகளும் இருமடங்காயின என்று படிப்பது பிழையாவதற்கு இதுவே காரணம். நெரிசலான இடத்தில் நூறு புள்ளிகளுக்கும் இருநூறு புள்ளிகளுக்கும் கண் வேறுபாடு காணாது.

நிறத்தோடு சேர்த்தே மறைப்பின் அளவையும் எழுதிவைக்கலாம் என்னும் எண்ணம் 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரிடமும் தோன்றியது. முப்பரிமாணப் பொருள்களின் மறைந்த பரப்புகளைக் கணித்து நீக்கும் முறையொன்றைக் கேட்மல் வகுத்துக்கொண்டிருந்தார். அதை வெவ்வேறு பின்னணிகளின் மீது சோதிக்கும் ஒவ்வொரு முறையும், அக்கால இயந்திரங்களின் மந்த வேகத்தில், பொருளையும் மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. பொருளை ஒரே ஒருமுறை வரைந்து, எந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதையும் அதனுடனேயே சேமித்துவிட்டால், பின்னணியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? இப்போது விளக்கக்காட்சிக்காகப் பின்னணியில்லா வரைபடத்தைச் சேமிப்பவரின் தேவையும் இம்மியும் மாறாத அதே தேவைதான். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை, ஒரு படத்தை மற்றொன்றின் மேல் வைக்கும் முறைகளைப் பன்னிரண்டு செயல்களாக வகுத்து இத்துறைக்கு ஒழுங்கு தந்தது. நால்வருக்கும் 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இனி அந்த வெளிறிய விளிம்புக்கு வருவோம். சாய்ந்த கோடு ஒன்று சதுரப் புள்ளிகளால் ஆன பரப்பில் செல்லும்போது, சில புள்ளிகள் முழுவதும் கோட்டுக்குள் அடங்குகின்றன, சில முழுவதும் வெளியே நிற்கின்றன, எல்லையில் உள்ளவை பாதியோ கால்பங்கோ மூடப்படுகின்றன. எல்லைப் புள்ளிகளை ஒன்று கருப்பு அல்லது வெள்ளை என்று தீர்த்துவிட்டால் கோடு படிக்கட்டாகத் தெரியுமாதலால், வரைபட நிரல்கள் அவற்றுக்கு இடைநிறம் தருகின்றன. இதனை ஓர மென்மையாக்கம் எனலாம். வெள்ளைப் பின்னணியில் கருங்கோடு பாதி மூடிய புள்ளியில் மூன்று நிற எண்களும் ஏறத்தாழ 128 ஆகி, அது சாம்பல் நிறம் பெறுகிறது. அந்தச் சாம்பலில் பாதி கோட்டுடையது, பாதி பின்னணி வெள்ளையுடையது. படத்தொகுப்பு மென்பொருள் 'வெள்ளையை அழி' என்ற ஆணையை ஏற்று முழு வெள்ளைப் புள்ளிகளை நீக்குகிறதே தவிர, சாம்பலுக்குள் கலந்துவிட்ட வெள்ளையை அதனால் பிரிக்க இயலாது. கருநீலப் பக்கத்தில் எஞ்சும் விளிம்பு, கலந்து போன அந்த வெள்ளையே.

பிரிக்க இயலாது என்பது மென்பொருளின் திறமைக் குறைவால் வந்ததா, அடிப்படையிலேயே அப்படித்தானா? ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு விடையளித்தது. திரைப்படங்களில் நீலத் திரையின் முன் நடிகரைப் படமெடுத்துப் பின்னர் நீலத்தை நீக்கும் முறையை ஆராய்ந்த அவர்கள், கலந்த புள்ளியிலிருந்து கிடைப்பவை மூன்று எண்கள், கண்டறிய வேண்டியவையோ முன்னணியின் மூன்று நிறங்களும் ஆல்பாவுமாக நான்கு என்பதால், பொதுவாக ஒரே படத்தைக்கொண்டு தீர்வு காண முடியாது என்று காட்டினர். 128 என்னும் சாம்பல், பாதி மூடிய கருங்கோடாகவும் இருக்கலாம், முழுதும் மூடிய சாம்பற்கோடாகவும் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல எவராலும் இயலாது. அதே பொருளை இரு வேறு பின்னணிகளில் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால் தீர்வு உண்டு என்பதையும் அவர்களே நிறுவினர். இதைப் பைத்தான் வரைபடத்தில் யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரே வரைபடத்தை ஒருமுறை வெள்ளை மீதும் ஒருமுறை கருப்பு மீதும் சேமித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இரு படங்களின் எண்களைக் கழித்தால், வெற்றிடத்தில் வேறுபாடு 255ஆக இருக்கும், முழுதும் மூடிய இடத்தில் 0 ஆகும், பாதி மூடிய கருங்கோட்டில் 128க்கும் 0க்கும் உள்ள வேறுபாடு அது பாதிதான் மூடப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். மூலத் தரவோ நிரலோ கைவசம் இருக்கும்போது இவ்வளவு சுற்றிவர வேண்டியதில்லை. வரையும் கட்டத்திலேயே மறைப்பின் அளவு நிரலுக்குத் தெரியும், அதைத் தூக்கி எறியாமல் எழுதிவைத்தால் போதும்.

எழுதிவைக்கக் கோப்பில் இடம் வேண்டும் என்பதுதான் அடுத்த நிபந்தனை. ஒளிப்படங்களுக்கென வகுக்கப்பட்ட ஜேபெக் வடிவத்தில் ஆல்பாவுக்கு இடமே கிடையாது. ஜிஃப் வடிவத்தின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு, அதிகபட்சம் 256 நிறங்கள் கொண்ட பட்டியலில் ஒன்றை மட்டும் 'ஒளிபுகும்' என்று குறிக்க இடமளித்தது. உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள் என்பதால் எல்லைப் புள்ளிகளின் சிக்கல் அதில் தீரவில்லை. ஜிஃப் பயன்படுத்திய சுருக்க முறையின் காப்புரிமைக்குக் கட்டணம் கேட்கப்போவதாக 1994 இறுதியில் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் பிறந்தது பிஎன்ஜி வடிவம். 1995 தொடக்கத்தில் தாமஸ் பௌட்டெல் முன்வைத்த வரைவு வளர்ந்து 1996 அக்டோபரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் முழு அளவிலான ஆல்பா எண்ணை, தகவல் இழப்பில்லாச் சுருக்கத்துடன் சேமிக்கும் இவ்வடிவமே இப்போது பின்னணியில்லாப் படங்களின் பொதுவழக்கு.

பைத்தானில் தரவு வரைபடங்களுக்குப் பெரிதும் பயன்படும் நிரலகம் மேட்பிளாட்லிப். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் காட்டும் தேவையிலிருந்து நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் தொடங்கிய இந்நிரலகம் 2003இல் வெளியானது. இதில் ஒரு வரைபடத்தின் பின்னணி ஒற்றைப் பரப்பன்று. முழுப் படத்துக்கும் அடியில் ஒரு தாள், அச்சுகளுக்கு நடுவே உள்ள வரைபரப்புக்கு இன்னொரு தாள் என இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. இயல்பமைவில் இரண்டுமே வெள்ளை என்பதால் அவை இரண்டு என்பது கண்ணில் படுவதில்லை. ஒன்றை மட்டும் நிறமற்றதாக்கிவிட்டு வெள்ளை போகவில்லையே என்று திகைப்பவர்கள் இதனால்தான் திகைக்கிறார்கள். சேமிக்கும் கட்டளையாகிய 'சேவ்ஃபிக்'கில் 'டிரான்ஸ்பரன்ட்' என்னும் அளபுருவுக்கு 'ட்ரூ' என்ற மதிப்பைத் தந்தால், இரு தாள்களும் அந்தச் சேமிப்பு முடியும்வரை மட்டும் நீக்கப்பட்டு, பின்னர் பழைய நிலைக்கே திரும்புகின்றன. ஆகவே திரையில் உள்ள வரைபடம் மாறுவதில்லை, கோப்பு மட்டுமே மாறுகிறது. அதே கட்டளையில் பின்னணி நிறத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால் அடித்தாளுக்கு அந்த நிறமே நிலைக்கும், வரைபரப்பின் தாள் மட்டும் நீங்கும்.

உண்மையில் என்ன மாறிற்று என்பதைக் கோப்பைத் திறந்து எண்களைப் படித்தே அறியலாம். இயல்பமைவில் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும், அங்குலத்துக்கு 100 புள்ளிகளும் கொண்ட படம் 640க்கு 480 என 3,07,200 புள்ளிகளால் ஆகிறது. சாதாரணமாகச் சேமித்த பிஎன்ஜி கோப்பின் மேல்மூலைப் புள்ளியைப் படித்தால் 255, 255, 255, 255 என்று நான்கு எண்கள் கிடைக்கும். ஆல்பா தடம் அப்போதும் இருக்கிறது. எங்கும் 255 என்று நிரம்பியிருப்பதால் பயனின்றி இருக்கிறது, அவ்வளவே. பின்னணி நீக்கிச் சேமித்த கோப்பின் அதே மூலையில் 255, 255, 255, 0 என்றிருக்கும். நிறத்துக்குரிய மூன்று எண்கள் வெண்மையையே சொல்கின்றன, நான்காவது எண் அந்த வெண்மையைக் காட்டாதே என்கிறது.

காட்டப்படாத அந்த வெண்மை தீங்கற்றதாகத் தோன்றினாலும், படத்தைச் சிறிதாக்கும்போது தலைகாட்டிவிடும். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளில் ஒன்று முழுச் சிவப்பு, மற்றொன்று காட்டப்படாத வெள்ளை என்று கொள்வோம். இரண்டையும் ஒன்றாக்க நான்கு எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு சராசரி எடுக்கும் மென்பொருள், பாதி ஒளிகசியும் இளஞ்சிவப்பைத் தரும். கிடைக்க வேண்டியதோ பாதி ஒளிகசியும் அதே சிவப்பு. வெளிறிய விளிம்பு பின்வாசல் வழியாக மீண்டும் வந்துவிடுகிறது. போர்ட்டரும் டஃப்பும் பரிந்துரைத்த முன்பெருக்க முறையில், ஒவ்வொரு நிற எண்ணும் அப்புள்ளியின் மறைப்புப் பங்கால் முன்கூட்டியே பெருக்கப்பட்டுச் சேமிக்கப்படுவதால், காட்டப்படாத புள்ளியின் நிறம் 0 ஆகி, சராசரியில் கலப்பதற்கு எதுவும் இராது. பிஎன்ஜியை வகுத்தவர்கள் இதை அறிந்தே தவிர்த்தனர், ஏனெனில் 256 படிகளுக்குள் பெருக்கி முழுமையாக்கினால் மூல நிறத்தின் துல்லியம் குறைந்து, இழப்பில்லா வடிவம் என்ற வாக்குறுதி முறியும். நல்ல மென்பொருள்கள் பிஎன்ஜியைப் படித்தவுடன் தாமே பெருக்கிக்கொண்டு அதன்பின் சுருக்குகின்றன. அந்தக் கவனம் எல்லாவற்றிலும் உண்டு என்று நம்புவதைவிட, வரைபடத்தைத் தேவையான அளவிலேயே சேமிப்பது நல்லது.

பின்னணி இவ்வாறு நீங்கிய பிறகு கருநீலப் பக்கத்தில் ஒட்டினால் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அச்சுக் கோடுகளும் எண்களும் தலைப்பும் கருநிறத்திலேயே இருப்பதால் அவை பின்னணியோடு பின்னணியாக மறைந்துவிடுகின்றன. நீக்கப்பட்டவை இரண்டு தாள்கள் மட்டுமே. அந்தத் தாள் வெள்ளை என்று நம்பித் தேர்ந்தெடுத்த எழுத்து நிறத்தை எவரும் மாற்றவில்லை. கோடுகளின் பெயர்களைச் சொல்லும் குறிவிளக்கப் பெட்டி இயல்பமைவில் எண்பது விழுக்காடு மறைப்புள்ள வெள்ளையால் ஆனது, 'டிரான்ஸ்பரன்ட்' அதைத் தொடுவதில்லை. எனவே கரும்பின்னணியில் அது 204 என்னும் அளவுள்ள வெளிர்சாம்பற் செவ்வகமாகத் துலங்குகிறது. விரட்டிய செவ்வகத்தின் குட்டி ஒன்று தங்கிவிட்டாலும், அந்தப் பக்கத்தில் படிக்கக்கூடிய கருநிற எழுத்து அதற்குள் இருப்பது மட்டுந்தான் என்பது வேடிக்கை.

எழுத்து மறைந்தால் பார்ப்பவர் உடனே அறிவார். நிறம் பொருள் மாறினால் அறியமாட்டார் என்பதால் அதுவே பெரிய கேடு. மேட்பிளாட்லிப் முதலில் எடுத்துக்கொள்ளும் நீலத்தின் எண்கள் 31, 119, 180. முப்பது விழுக்காடு மறைப்போடு வரைந்தால் அது வெள்ளைத் தாளில் 188, 214, 232 என்னும் வெளிர்வான நீலமாகவும், கருந்தாளில் 9, 36, 54 என்னும் இருண்ட நிறமாகவும் தெரிகிறது. ஒரே கோப்பு, ஒரே தரவு, ஆயினும் ஒன்றில் புள்ளிகள் குவியக்குவிய நிறம் அடர்கிறது, மற்றொன்றில் குவியக்குவிய வெளுக்கிறது. இதனினும் நுட்பமான கேடு தரவு இல்லாத இடங்களில் நிகழ்கிறது. மழையளவைக் கட்டங்களாகப் பிரித்து, குறைந்த மழைக்கு ஏறத்தாழ வெண்மையும் மிகுந்த மழைக்குக் கருநீலமும் தரும் நிற அளவையில் வரைந்த படமொன்றில், அளவீடே கிடைக்காத கட்டங்களை நிரலகம் நிறமிடாமல் முற்றிலும் ஒளிபுகுவதாக விட்டுவிடும். வெள்ளைத் தாளில் அக்கட்டங்கள் மழையே பெய்யாத இடங்களாகத் தெரியும். பின்னணி நீக்கிக் கருநீலப் பக்கத்தில் ஒட்டினால் அதே கட்டங்களில் பெருமழை கொட்டியதாகத் தெரியும். ஆல்பா தடம் பின்னணி பற்றிய முடிவை வரைபவரிடமிருந்து ஒட்டுபவருக்குத் தள்ளிப்போடும் ஏற்பாடு. நிறத்தின் பொருள் பின்னணியைச் சார்ந்திருக்கும் இடங்களில் அந்த முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. அளவீடற்ற கட்டங்களுக்கு நிற அளவையில் இடம்பெறாத ஒரு சாம்பலை ஒளிபுகாததாக இட்டுவிடுவதும், மறைப்பு குறைந்த புள்ளிகளுக்குப் பதிலாக வெளிர்நிறத்தையே நேரடியாகத் தருவதும் இக்கேட்டைத் தவிர்க்கும்.

புள்ளிகளால் அன்றிக் கோடுகளையும் வளைவுகளையும் வரைமுறைக் குறிப்புகளாகவே எழுதும் எஸ்விஜி, பிடிஎஃப் போன்ற வடிவங்களில் இச்சிக்கல்களில் பாதி எழுவதேயில்லை, ஏனெனில் அங்கே வரையாத இடம் உண்மையாகவே எழுதப்படாத இடம். பிடிஎஃப் 2001இல் தன் 1.4ஆம் பதிப்பில்தான் ஒளிகசிவை ஏற்றது. அதற்கு மூத்த போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவில் ஒளிகசிவுக்கு இடமில்லையாதலால், அவ்வடிவில் சேமிக்கும்போது ஒளிகசியும் பகுதிகள் ஒளிபுகாதவையாக வரையப்படும் என்று மேட்பிளாட்லிப் எச்சரிக்கிறது.

எந்தப் பின்னணியில் ஒட்டப்படும் என்பது தெரியாத படத்துக்கு எழுத்து நிறத்தை எப்படித் தேர்வது என்பது எஞ்சி நிற்கிறது. வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் உள்ள சாம்பல் இரண்டிலும் தெரியும் என்பது சரியான ஊகம், ஆனால் அந்த நடு 128 ஆகாது. திரையின் எண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 128 என்ற எண் வெண்மையின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. வலைப்பக்கங்களின் வாசிப்புத் தகுதிக்கான உலகளாவிய வழிகாட்டுதல், சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது. 128 அளவுள்ள சாம்பல் கருப்பின் மீது இதைத் தாண்டுகிறது, வெள்ளையின் மீது 4க்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. 118 அளவுள்ள சாம்பலோ வெள்ளையின் மீதும் கருப்பின் மீதும் 4.5ஐ மயிரிழையில் தாண்டுகிறது. அச்சுகளையும் எழுத்துகளையும் அந்நிறத்தில் வரைந்து பின்னணி நீக்கிச் சேமித்த படம் இரு கோடிகளிலும் வாசிக்கத் தக்கதாக இருக்கும், நடுத்தர ஒளியுள்ள பச்சையிலோ செங்கல் நிறத்திலோ தோற்றுப்போகும். செயற்கைக்கோள் படத்தின் மீது வரைகோடுகளைப் பதிப்பவர்களைப் போல எல்லா நிறங்களும் கலந்த பின்னணியை எதிர்கொள்ள வேண்டியவர்களுக்கு, எழுத்தைச் சுற்றி எதிர்நிறத்தில் மெல்லிய புறக்கோடு இடும் வசதியும் மேட்பிளாட்லிப்பில் உண்டு. அதைக் கையாள்பவர் எழுத்துக்குத் தேவையான அளவு பின்னணியைப் படத்துக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்.